கலந்தர் ஏற்றிய செய்தி

கலந்தர் யாரையும் நம்பமாட்டார். பால்காரர் ஊற்றும்போதே விரலை விட்டுப் பார்ப்பார். பள்ளிவாசலுக்குப் போனால் ஒரு செருப்பைக் கிழக்கு வாசலிலும் இன்னொன்றைத் தெற்கு வாசலிலும் விடுவார். ஜோடியாக இருந்தால்தானே எடுப்பான் என்பது அவர் எண்ணம். குவைத்தில் டைப்பிஸ்ட் வேலை என்று கூட்டிப்போன ஏஜெண்ட் ஆடு மேய்க்க விட்டுவிட்டான், அதிலிருந்துதான் இப்படி ஆகிவிட்டார் என்று தெருவில் சொல்வார்கள். அதெல்லாம் இல்லை, பிறந்ததிலிருந்தே இப்படித்தான் என்பார் அவர் மனைவி பர்வின்.

கூத்தாநல்லூரில் வீட்டுக்கு ஒருவராவது கடல் தாண்டி இருந்த காலம் அது. குவைத்திலிருந்து திரும்பிய கலந்தர் தஞ்சாவூரில் கம்ப்யூட்டர் கோர்ஸ் படித்துவிட்டு வந்து, 2002 வாக்கில் ஊருக்கென்று ஒரு வெப்சைட் தொடங்கினார். யார் வீட்டில் கல்யாணம், ஆற்றில் தண்ணீர் வந்ததா, குறுவை தேறுமா, எல்லாம் அதில் வரும். ஆனால் துபாயிலும் தமாமிலும் உட்கார்ந்திருந்தவர்கள் முதலில் திறந்தது மவுத் பக்கத்தைத்தான். ஊரில் யார் இறந்தாலும் அடக்கம் முடிவதற்குள் அதில் செய்தி வந்துவிடும். அதில் கலந்தருக்குத் தாங்கமுடியாத பெருமை.

பக்கத்தை எழுதி முடித்ததும், ஃபைலை ஏற்றும் புரோகிராமைத் திறப்பார். திரையில் இடது பக்கம் அவருடைய கம்ப்யூட்டர், வலது பக்கம் அமெரிக்காவில் எங்கோ இருக்கிற சர்வர். இடமிருந்து வலத்துக்கு இழுத்துப்போட்டால் உலகத்துக்கே தெரியும். வலது பக்கத்தில் அழித்துவிட்டால் உலகத்துக்கே கிடையாது. இன்டர்நெட்டும் ஃபோன் லைனில்தான் வரும் என்பதால், இது முடியும்வரை வீட்டு டெலிஃபோன் வேலை செய்யாது.

பாஸ்வேர்டு அடிக்கும்போது மட்டும் இடது கையால் கீபோர்டை மூடிக்கொள்வார். மிச்சமிருக்கும் ஒரு கையின் ஒற்றை விரலால் தேடித் தேடி அடிப்பார். அடிக்கும் எழுத்தை ஒவ்வொன்றாக வாய்விட்டுச் சொல்வார். அது அடுப்படிவரை கேட்கும்.

அந்த வருடம் ஒரு திங்கட்கிழமை, ரெண்டு வீடு தள்ளி இருந்த பானைக்கடை வீட்டு மீரா உசேன் திடீரென்று நெஞ்சு வலித்து மவுத்தாகிவிட்டார். அவருக்கும் மனைவி சஃபியாவுக்கும் ஒரே மகனான ஷேக் பரீத் சவூதியில் ட்ரைலர் லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். அந்த வீட்டில் ஃபோன் கிடையாது. வெள்ளிக்கிழமைதோறும் பரீத் கலந்தர் வீட்டுக்குத்தான் கூப்பிடுவான். கலந்தர் ரிசீவரை மேசைமேல் கிடத்திவிட்டுப் போய் மீரா உசேனைக் கூட்டிவருவார்.

கலந்தர் அடக்கத்துக்கு மையித்தைத் தூக்கப் போவதற்கு முன்பே செய்தியை ஏற்றிவிட்டார். மறுநாள் பார்த்தால் மவுத் பக்கமே இல்லை. வலது பக்கத்தில் அந்த ஃபைல் இருந்த இடம் காலி. மறுபடி ஏற்றினார். மதியம் லுஹர் தொழுதுவிட்டு வந்து பார்த்தார். மறுபடி காணோம்.

அவருக்குச் சந்தேகமே வரவில்லை. நேராக முடிவே வந்துவிட்டது. அவரிடம் வேலை பார்த்துவிட்டுப் போய் பஸ் ஸ்டாண்டு பக்கம் பிரவுசிங் சென்டர் வைத்திருந்த அப்சர்தான்! விறுவிறுவென்று அங்கே போய் நின்றார்.

"ஏண்டா, எம் பொழப்பைக் கெடுக்க உனக்கு வேற வழி தெரியலியா? மவுத்துச் செய்தியில கையை வைக்கிற?"

"அல்லா மேல ஆணையா எனக்குத் தெரியாதுண்ணே."

"தெரியாமத்தான் பாஸ்வேர்டு போட்டு அழிச்சியா?"

"பாஸ்வேர்டா? நீங்க அதை ஓதுற மாதிரியில்ல அடிப்பீங்க. தெருவுல போற யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கலந்தருக்குக் கோபம் தலைக்கேறியது. ஒத்துக்கொண்டான் என்றே அதை எடுத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்து பாஸ்வேர்டை மாற்றினார். வாயில் ஒரு கிராம்பை அடக்கிக்கொண்டு, உதடு அசையாமல் அடித்தார். மவுத் பக்கத்தை மூன்றாம் முறையாக ஏற்றினார்.

இந்த முறை பக்கம் அழியவில்லை. புதன்கிழமை பகல்வரை நாலு தடவை திறந்து பார்த்துவிட்டு, "மாட்டுனான் பாரு" என்று தொடையில் தட்டிக்கொண்டார்.

பர்வின் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார். முகம் வெளுத்திருந்தது.

"இஞ்ச பாருங்க. அதை அழிச்சது நாந்தான்."

கலந்தர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். உலகத்தில் சந்தேகப்படாமல் விட்டிருந்த ஒரே ஆள்.

"புருசன் மவுத்தானதுலேருந்து சஃபியா மாமி இத்தாவுல இருக்காங்க. வெளியில வரவும் முடியாது, வேத்து ஆம்பளை உங்களைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லவும் முடியாது. எங்கிட்டதான் சொல்லி அழுதாங்க. மவன் ஒத்தையில லாரி ஓட்டுறான், ஸ்டியரிங்ல உக்காந்திருக்கும்போது அத்தா போயிட்டாருன்னு தெரிஞ்சா அவனையும் பறிகொடுத்துடுவேன்னாங்க. ரியாத்துல இருக்கிற அவன் மச்சான் வெள்ளிக்கிழமை அவன்கிட்ட போயிடுவாராம். கூட உக்காந்து பக்குவமா சொல்லுவாராம். அதுவரைக்கும் அவன் கண்ணுல படாம இருக்கட்டும்னுதான்."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமுல்ல?"

"சொன்னா விடுவீங்களா? யார் சொன்னா, எதுக்குச் சொன்னா, நெசந்தானான்னு ஊர் பூரா விசாரிப்பீங்க. அந்த விசாரணையே சவூதிக்குப் போயிடும். இன்னிக்கும் அழிக்கப் பார்த்தேன். பாஸ்வேர்டு சேரலை."

கலந்தருக்கு வெட்கமாக இருந்தது. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, அந்தப் பக்கத்தைத் தானே அழித்துவிட மோடத்தைப் போடக் கையை நீட்டினார். அதற்குள் டெலிஃபோன் மணி அடித்தது. வெளிநாட்டு அழைப்புக்கு வருகிற நீளமான மணி.

"அஸ்ஸலாமு அலைக்கும் அண்ணே, பரீத் பேசுறேன். வழியில ஒரு பிரவுசிங் சென்டர்லேருந்து."

"வஅலைக்குமுஸ்ஸலாம். சொல்லு தம்பி."

"அண்ணே, நம்ம ஊர்ல பானைக்கடை வீட்டு மீரா உசேன்னு எங்க அத்தாவைத் தவிர வேற யாரும் இருக்காங்களா?"

கலந்தர் பர்வினைப் பார்த்தார். பர்வின் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்.

"லாரி எங்க நிக்கிது தம்பி?"

"வெளியிலதாண்ணே நிக்கிது. இன்னும் பாதி தூரம் ஓட்டணும். சொல்லுங்கண்ணே."

கலந்தர் பொய் சொல்லிப் பழகாதவர். ஆனால் இந்தப் பொய்யை ரெண்டு நாளாக உண்மை என்று நம்பியிருந்ததால் வாயில் தடங்கலில்லாமல் வந்தது.

"யாரோ ஒரு களவாணிப் பய சைட்டுக்குள்ள பூந்து விளையாடுறான் தம்பி. நான் ஏத்துறதையெல்லாம் மாத்திடுறான். அதுல வர்ற எதையும் நம்பாத."

மறுமுனையில் மூச்சை இழுத்து விடுகிற சத்தம் கேட்டது. பிறகு பரீத் சிரித்தான். சிரிப்போடு அழுகையும் வந்தது.

"அல்ஹம்துலில்லாஹ்! உசுரே போயிடுச்சுண்ணே. நீங்களே சொல்லிட்டீங்க, போதும். லைன்லயே இருக்கேன், அத்தாவைக் கொஞ்சம் கூட்டிட்டு வாங்க."

கலந்தர் எப்போதும்போல ரிசீவரை மேசைமேல் கிடத்திவிட்டு எழுந்தார். வாசல்வரை போய்விட்டார். அதற்குமேல் எங்கே போவது என்று தெரியாமல் அங்கேயே நின்றார்.