ஊறுகாய்ப் போத்தலும் ஒன்பது பக்க ஒப்பந்தமும்

சாப்பாட்டுச் சாமான் செய்கிறவர்களுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் நடுவில் ஓடித்திரிகிற வேலையில் முதலில் பழகவேண்டியது, உண்மையைச் சொன்னாலும் ஆட்கள் ஒரு மாதிரித்தான் பார்ப்பார்கள் என்பதற்குத்தான்.

எங்கள் உணவு விஞ்ஞானத் துறையின் ஆய்வுகூடத்தில் நல்ல நல்ல மெஷின்கள் இருக்கின்றன. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் மிக்சர், ஊறுகாய், சர்பத் செய்கிறவர்களிடம் நல்ல நல்ல பிரச்சினைகள் இருக்கின்றன. இரண்டையும் சேர்த்துவைப்பதுதான் என் உத்தியோகம். கலியாணத் தரகர் வேலை மாதிரித்தான், ஆனால் தரகருக்கு இரண்டு பக்கத்திலும் சாப்பாடு கிடைக்கும், எனக்கு இரண்டு பக்கத்திலும் முறைப்பு. கோப்பும் கையுமாகப் படி ஏறி இறங்கும் இன்சூரன்ஸ்காரரே, மீற்றர் பார்க்கப் போகிறவர்களே, உங்களுக்கு இது சொல்லாமலே விளங்கும்.

பீ.எச்.ஐ. இல்லை

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையில் ஒரு மிக்சர் கடை. நீளக்கைச் சட்டையும் கோப்புமாக நான் வாசலில் நின்றதுதான் தாமதம், உள்ளே ஒரு தட்டு மறைந்தது, பொரிக்கிறவர் தலையில் தொப்பி ஏறியது, பூனை ஒன்று பின்வாசலால் தூக்கிச் செல்லப்பட்டது. பீ.எச்.ஐ., அதாவது சுகாதாரப் பரிசோதகர், என்று நினைத்துவிட்டார்கள். நான் வாயைத் திறக்க முதலே முதலாளி சிங்களத்தில், லைசன் எல்லாம் இருக்கிறது மாத்தையா என்றார். நான் தமிழில், அண்ணை, நான் பீ.எச்.ஐ. இல்லை என்றேன். மனுசனின் முகம் இன்னும் இருண்டது. பீ.எச்.ஐ. என்றால் என்ன செய்யவேண்டும் என்று அவருக்குத் தெரியும். இது என்ன புது வில்லங்கமோ என்று யோசித்திருப்பார்.

அவருடைய மிக்சர் பத்து நாளில் நமுத்துப்போவது ஊரறிந்த விஷயம். ஏன் நமுக்கிறது என்று எங்கள் ஆய்வுகூடத்தில் பார்த்துச் சொல்லுவோம், ஒரு சதமும் வேண்டாம், நீங்களும் நாங்களும் பங்காளிகள் என்று அரை மணித்தியாலம் விளக்கினேன். பால் விடாத பிளேன்ரீ தந்தார். கையைக் கட்டிக்கொண்டு கடைசிவரை கேட்டார். பிறகு அமைதியாகச் சொன்னார்: "சும்மா தாறன் எண்டு ஒருத்தரும் கடை தேடி வரமாட்டினம், தம்பி. எலெக்சனும் கிட்டடியில இல்லையே."

ஒன்பது பக்கம்

கொட்டாஞ்சேனையில் ரெஜினா அக்கா நாலு பெண்களை வைத்துத் தேசிக்காய் ஊறுகாய் போடுகிறவர். ஒரு சூப்பர்மார்க்கெட் அவருடைய போத்தல்களை எடுத்து விற்பனைத் தட்டில் அடுக்கி வைத்திருந்தது. மழை தொடங்கியதிலிருந்து போத்தல் மூடிகள் பொங்க ஆரம்பித்துவிட்டன. திறந்தால் சோடா மாதிரிச் சீறும். இன்னும் ஒரு போத்தல் திரும்பி வந்தால் தட்டிலிருந்து எடுத்துவிடுவோம் என்று அங்குள்ள மனேஜர் சொல்லிவிட்டார். அந்தத் தட்டு போனால் நாலு பேருக்கும் வேலை இல்லை. அதில் ஒருத்தி வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போகப் பாஸ்போட்டும் எடுத்து வைத்திருந்தாள். இரண்டு சின்னப் பிள்ளைகளின் தாய்.

உடனே செய்வோம் அக்கா என்று துறையின் ஒப்பந்தத்தை நீட்டினேன். ஆங்கிலத்தில் ஒன்பது பக்கம். ஒருவர் ரகசியத்தை மற்றவர் காக்கவேண்டும் என்று இரண்டு தரப்பும் கையெழுத்து வைக்கவேண்டும். நாலாம் பக்கத்தில் ஒரு பெரிய கட்டம், முழுச் செய்முறையும் அளவோடு எழுத. அக்கா அதைப் பங்குச் சாமியாருக்கும் பக்கத்து வீட்டு வழக்கறிஞருக்கும் காட்டி, ஒரு கிழமை கழித்துத்தான் கையெழுத்து வைத்தார். கோப்பை என் கையில் தரும்போது கேட்டார்: "களவெடுக்க மாட்டம் எண்டு சொல்ல ஒம்பது பக்கம் வேணுமோ?"

மெஷினில் ஒரு பலகை

மாதிரிப் போத்தல்களை என்னிடம் தந்துவிட அக்காவுக்கு மனம் வரவில்லை. மடியில் பையை வைத்துக்கொண்டு பஸ்ஸில் தானே கொண்டு வந்தார். ஆய்வுகூடத்தைச் சுற்றிக் காட்டினேன். பெருமைக்குப் பெரிய மெஷினுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன். பிழை என்னுடையதுதான். அதன் நெற்றியில், இது இன்ன கம்பெனியின் அன்பளிப்பு என்று ஒரு பித்தளைப் பலகை. அந்தக் கம்பெனியின் ஊறுகாய் தீவு முழுக்க விற்கிறது.

அக்கா கண்ணாடியைப் போட்டு இரண்டு தரம் வாசித்தார். அவர்கள் மெஷின் மட்டும்தான் தந்தவர்கள், முடிவுகள் எங்களைத் தாண்டிப் போகாது என்றேன். சொல்லச் சொல்ல என் குரல் எனக்கே நம்பும்படியாக இல்லை. நம்பிக்கைக்கு நான் வைத்திருந்தது அந்த ஒன்பது பக்கம் மட்டும்தான். அக்கா பையை நெஞ்சோடு அணைத்தபடியே கேட்டார்: "மெஷின் அவங்கட எண்டா, அதுக்குள்ள போற என்ர ஊறுகாய்க்கு ஆர் காவல்?"

நல்ல பிள்ளை

ஒருவழியாக அக்கா போத்தல்களைத் தந்துவிட்டுப் போனார், முடிவும் வந்தது. ஊறுகாயில் ஒரு குறையும் இல்லை. அதே கிழமை அக்கா வீட்டு அலுமாரியில் மூன்று போத்தல் பொங்கி நின்றன. எங்கள் துறைப் பேராசிரியர் என்னை மேலும் கீழும் பார்த்து, மாதிரியை வழியில் மாற்றினீரோ என்று கேட்டார். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பது சும்மா சொன்ன பேச்சில்லை. அன்று பின்னேரமே சூப்பர்மார்க்கெட்டுக்குப் போய், களவெடுக்க வந்தவன் மாதிரி அங்கும் இங்கும் பார்த்து, அக்காவின் போத்தல் இரண்டை வாங்கி ஆய்வுகூடத்தில் கொடுத்தேன். அவற்றில் நுரைமம், அதாவது பொங்கவைக்கிற ஈஸ்ட், நிறைந்து கிடந்தது.

இரண்டு தாளையும் கொண்டுபோய் அக்காவின் மேசையில் வைத்தேன். ஒரே ஊறுகாய், இரண்டு முடிவு, எப்படி என்றேன். அக்காவுக்கு ஒரு வெட்கமும் இல்லை. ஆய்வுகூடத்துக்கென்று தேசிக்காயை ஒவ்வொன்றாகத் தெரிந்தெடுத்து, புதுப் போத்தல் வாங்கி, கழுவி, வெயில் கண்ட ஒரு நாளில் மொட்டைமாடியில் காயவைத்து, ஒருத்தரையும் தொடவிடாமல் தன் கையாலேயே நிரப்பியிருக்கிறார். ஸ்டூடியோவுக்குப் படம் எடுக்கப் போகிறவர்கள் பட்டுச் சேலை கட்டுகிற மாதிரி. நான் தலையில் கைவைத்தேன். அக்காவுக்குத்தான் என்மேல் கோபம் வந்தது: "யூனிவர்சிட்டிக்குப் போற சாமானைக் கண்டபடி குடுக்கேலுமே, தம்பி?"

யார் காத்த ரகசியம்

தலைவலி அதோடு முடியவில்லை. கடையில் வாங்கிய போத்தலைக் கிளறிய மாணவி ஒருத்தி, பேரீச்சம்பழத் தோல் கிடக்கிறதே என்றாள். நாலாம் பக்கத்துக் கட்டத்தைப் பார்த்தேன். பேரீச்சம்பழம் என்ற சொல்லே இல்லை. பார்க்கப் பார்க்க, அதிலிருந்த அளவுகளும் கோணலாகத் தெரிந்தன. அந்த அளவில் உப்புப் போட்டால் வாயில் வைக்கேலாது. முழுக்கப் பொய்.

உண்மையில் எனக்கு மனம் நொந்துவிட்டது. பாஸ்போட் எடுத்த பிள்ளைக்காக நான் மழைக்குள் அலைய, இவர் என்னையே ஏய்த்துவிட்டாரே. கேட்டேவிட்டேன். அக்கா ஒப்பந்தத்தின் தன் பிரதியை எடுத்து வந்து, கையெழுத்துப் பக்கத்தை விரித்து விரலை வைத்தார். "ரகசியம் காப்பம் எண்டு ரெண்டு பேரும்தானே சைன் வச்சனாங்கள். நான் என்ர பங்கைக் காத்தனான்."

போறணைச் சூடு

கோபம் ஆறினபிறகு அந்த இரண்டு தாளையும் மறுபடி பார்த்தேன். செய்முறையை விடுவோம் அக்கா, சாதாரண நாளில் போத்தலை எப்படிக் காயவைப்பீர்கள் என்று மட்டும் கேட்டேன். காய எங்கே நேரம், மழை நாளில் நாற்பது போத்தலையும் கழுவி, துணியால் துடைத்து, அந்தக் கையோடு நிரப்பிவிடுவோம் என்றார். சொன்ன பிறகுதான் அவருக்கே பொறி தட்டியது. அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். வெயிலில் காய்ந்த போத்தல் நல்ல பிள்ளை, ஈரப் போத்தல் பொங்குகிறது. அவ்வளவுதான் சங்கதி.

மழைக்குள் வெயிலுக்கு எங்கே போவது? பக்கத்துப் பேக்கரியில் காலைப் பாண் எடுத்தபிறகு, அதைச் சுடுகிற போறணை அடுப்பு மத்தியானம்வரை சூடாகக் கிடக்கும், கழுவின போத்தலை அதற்குள் காயவைக்கலாம். பேக்கரி முதலாளி, பல்கலைக்கழகத்துக்கு என் போறணையில் என்ன வேலை என்று என்னை ஒரு தரம் சுற்றிவந்து பார்த்துவிட்டுச் சம்மதித்தார். அடுத்த மாதிரியை அக்கா தரவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு, நீரே எடும் என்றார். போத்தல் அடுக்கின் நடுவிலிருந்து கைக்கு வந்ததை எடுத்தேன். சுத்தம். சூப்பர்மார்க்கெட்டுக்கு ஒரு போத்தலும் திரும்பி வரவில்லை, மனேஜர் இன்னும் ஒரு பெட்டி கேட்டார். அந்தப் பிள்ளை பாஸ்போட்டைத் திரும்ப அலுமாரிக்குள் வைத்துவிட்டாள். எனக்குக் கண் கலங்கியது, சொல்ல என்ன வெட்கம்.

கடைசிக் கையெழுத்துக்குக் கோப்பைக் கொண்டுபோனேன். அக்கா பக்கங்களைப் புரட்டி, தான் எழுதிய பொய் இருக்கிற நாலாம் பக்கத்தில் நிறுத்தினார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்: "இது இல்லாமலே பிழையைக் கண்டுபிடிச்சிட்டீங்கள். அப்ப முதல் நாள் இதை ஏன் கேட்டனீங்கள்?"

துறையில் விசாரித்தேன், படிவத்தில் கட்டம் இருக்கிறது, அதனால் கேட்கிறோம் என்றார்கள். ஊர் என்னை வீணாகச் சந்தேகப்படுகிறது என்று இனிமேல் என்னால் அடித்துச் சொல்ல முடியாது.