மேசையில் வைத்த மாதிரித் தயிர்

எண்பதாம் ஆண்டளவில் முள்ளியவளையில் இருந்தோம். எருமை முட்டி இடுப்பில் அடிபட்டு என் கணவர் படுக்கையில் கிடந்தார். மாடுகளை விற்பதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. வியாபாரி வந்து விலையும் பேசிவிட்டுப் போயிருந்தார். அந்த நேரத்தில்தான் ஆஸ்பத்திரிக்குத் தயிர் கொடுக்க டெண்டர் கேட்டிருப்பதாக அறிந்தேன். அது கிடைத்தால் மாடுகள் தப்பும்.

டெண்டருடன் மாதிரிக்கு ஒரு சட்டி தயிரும் கொடுக்க வேண்டும். சட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் பட்டினத்திலிருந்த ஆஸ்பத்திரி அலுவலகத்துக்குப் போனேன். விண்ணப்பத்தை அங்கிருந்த டெண்டர் பெட்டிக்குள் போட்டேன். அலுவலகத்தில் எல்லோரும் தலை குனிந்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். கூப்பிட்டுச் சொல்லக் கூச்சம். முன்னாலிருந்த மேசையில் சட்டியை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

சில கிழமைகளில் கடிதம் வந்தது. மாதிரி தரப்படாததால் என் டெண்டர் நிராகரிக்கப்பட்டதாம்.

"நீர் வைச்சனீர்தானே? போய்க் கேளுமப்பா" என்றார் கணவர்.

போய் அதிகாரியின் முன்னால் நின்றேன். கடிதத்தை நீட்டி, மாதிரி கொடுத்ததாக மெல்லச் சொன்னேன்.

"ஆரிட்டைக் குடுத்தனீங்கள்?" என்று கேட்டார்.

"ஒருத்தரிட்டையும் இல்லை, ஐயா. மேசையிலை வைச்சனான்."

பக்கத்திலிருந்த கிளாக்கர் சிரித்தார். "அப்ப மேசைதான் சாப்பிட்டிருக்கும்."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. திரும்பிப் போகலாமென்று நினைத்தபோது, தட்டச்சு செய்துகொண்டிருந்த பெண் எழுந்து வந்தார்.

"ஐயா, அந்தத் தயிர் வந்ததுதான். டெண்டர் தயிரெண்டு இப்பதான் விளங்குது. ஊராக்கள் அன்பாக் கொண்டுவந்து வைச்சதாக்கும் எண்டு நினைச்சு, நான்தான் மத்தியானம் எல்லாருக்கும் பகிர்ந்தனான். இவர் ரெண்டாந்தரமும் கேட்டு வாங்கினவர்" என்று கிளாக்கரைக் காட்டினார். பிறகு குரலைத் தாழ்த்தி, "உங்களுக்கும் தந்தனான், ஐயா" என்றார்.

அதிகாரி பேனையைக் கீழே வைத்தார். "அந்தத் தயிரோ?" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "பிழை எங்கடை. நாளைக்கு இன்னொரு சட்டி கொண்டு வாங்கோ. இந்த முறை வாயைத் திறந்து சொல்லிப்போட்டு வையுங்கோ, தங்கச்சி" என்றார்.

மறுநாள் கொண்டுபோய் அந்தப் பெண்ணின் கையிலேயே கொடுத்தேன். என் டெண்டரை மறுபடி எடுத்துப் பார்த்து, எங்களுக்கே தந்தார்கள். மாடுகளை விற்கவில்லை. எத்தனையோ நாட்களுக்குப் பிறகு அன்றுதான் நெஞ்சு நிறைய மூச்சு விட்டேன்.

அந்தப் பெண்ணின் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. சும்மா இருந்திருந்தால் அவருக்கு ஒரு குறையும் வந்திருக்காது. முன்பின் தெரியாத எனக்காக, மேலதிகாரியின் முன்னால் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டு பேசினார். நாலு பேர் முன்னால் பேச எனக்கு இன்றும் நடுக்கம்தான். ஆனாலும் ஒருவருக்காகச் சொல்ல வேண்டிய உண்மை எனக்குத் தெரிந்திருந்தால், நடுங்கிக்கொண்டே சொல்லிவிடுகிறேன்.