அரசாங்கத் தொப்பை

ராணுவ வாத்தியக் குழுவில் பெரிய முரசு அடிப்பவரின் தொப்பை அவருடைய சொந்தச் சொத்து அல்ல. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் நடந்த கூத்தெல்லாம் மேலதிகாரிகள் அந்த ஒரு விஷயத்தை மறந்துபோனதால் வந்த வினை.

பட்டாளத்தில் சேர்ந்தபோது அவர் ஒட்டடைக் கம்புக்குச் சட்டை மாட்டியதுபோல் இருந்தார். தாளம் பிசகாத கை என்று வாத்தியக் குழுவுக்கு அனுப்பினார்கள். அங்கே முரசுக்காரருக்கென்று ஒரு சிவப்புக் கோட்டு காத்திருந்தது. கனத்த கம்பளித் துணி, இரண்டு வரிசை பித்தளைப் பொத்தான், தோளில் மஞ்சள் குஞ்சம். பழைய முரசுக்காரருக்கு அளவெடுத்துத் தைத்தது. அவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். அவருடைய வயிறு மட்டும் கோட்டில் தங்கிவிட்டது. புது ஆளுக்கு அதை மாட்டிவிட்டு பேண்டு மாஸ்டர் ஒரு சுற்று சுற்றி வந்தார்.

"கோட்டு நல்லாத்தான் இருக்கு. ஆளுதான் சின்னதாப் போயிட்டான்."

"புதுசா ஒண்ணு தைக்கலாங்களா சார்?"

"கோட்டு கிழிஞ்சாத்தான் புதுசு தைப்பாங்க. உடம்பு தினமும் வளரும். எது சுலபம்னு நீயே யோசி."

அன்றிலிருந்து சாப்பாட்டுக் கூடத்தில் அவர் தட்டில் ஒரு கரண்டி கூடுதலாக விழுந்தது. எழுத்தில் இல்லாத உத்தரவுதான், என்றாலும் உத்தரவு. அவர் மறுபேச்சில்லாமல் சாப்பிட்டார். சில வருடங்களில் கோட்டின் கடைசிப் பொத்தான்கூட சுருக்கமில்லாமல் நின்றது. கூடவே இன்னொரு நன்மையும் தெரிந்தது. பெரிய முரசை வாரில் கோத்துத் தோளிலிருந்து தொங்கவிட்டால், நடக்க நடக்க அது தொடையில் இடிக்கும். அதைத் தாங்க அடியில் ஒரு மேடை வேண்டும். அந்த மேடை இப்போது கட்டி முடிந்திருந்தது. முரசு அதில் சௌகரியமாக உட்கார்ந்துகொண்டது. அவர் அடிக்கும் அடிக்குத்தான் மொத்தப் படையும் இடது காலை வைக்கும். ஆக, ஒரு படைப்பிரிவின் நடையே அந்தத் தொப்பையின்மேல் நின்றது என்று சொன்னால் அது வெறும் வாய்ப்பேச்சு இல்லை.

கமாண்டர்கள் வருவார்கள், போவார்கள். வரும் ஒவ்வொருவரும் கையில் ஓர் உத்தரவோடு வருவார்கள். வெறுங்கையோடு வருவது மரியாதை இல்லை பாருங்கள். ஒருவர், மீசை இல்லாதவன் வீரனா என்றார். எல்லோரும் வளர்த்து, முறுக்குகிற பதத்துக்குக் கொண்டுவந்தபோது அடுத்தவர் வந்து வழிக்கச் சொன்னார். ஒருவர் சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடிக்கச் சொன்னார். இன்னொருவர் கொசு கடிக்கும் என்று இறக்கச் சொன்னார். அதற்கடுத்தவர், மடிக்கலாம், ஆனால் உள்பக்கமாக மடிக்க வேண்டும் என்றார். அது எப்படியிருக்கும் என்று தானே பார்க்குமுன் மாற்றலாகிப் போனார். இளவட்டங்கள் பேண்ட்டைக் காலோடு ஒட்டப் பிடித்துத் தைத்துக்கொண்டு திரிந்ததைப் பார்த்த ஒருவர், அரசாங்கத் துணியில் இனி எவனும் ஊசி வைக்கக் கூடாது என்று ஆணையிட்டார். அவரும் போனார். ஆணை மட்டும் போகவில்லை. கமாண்டர்களுக்குத்தான் மாற்றல் உண்டு, ஆணைகளுக்குக் கிடையாது.

முரசுக்காரர் எல்லாவற்றுக்கும் வளைந்துகொடுத்தார். மீசை வைத்தார், எடுத்தார், மடித்தார், இறக்கினார். கோட்டும் தொப்பையும் மட்டும் யார் கண்ணிலும் படாமல் ஒன்றையொன்று அணைத்தபடி இருந்தன.

இப்போதைய கமாண்டர் நாடாவோடு வந்தார்.

முன்பெல்லாம் ஓடிக் காட்டினால் போதும். அதற்கு முன் உயரத்துக்கு ஏற்ற எடை. இனி இரண்டும் வேண்டாம், தொப்புளுக்கு நேராக இடுப்பைச் சுற்றி ஒரு நாடா, அவ்வளவுதான். எல்லை தாண்டினால் சேவை நீட்டிப்பு கிடையாது. ஒரு குறிப்பிட்ட பதவிக்கு மேற்பட்ட, அனுபவமுள்ள அதிகாரிகளுக்கு மட்டும் விலக்கு. அனுபவம் பெரும்பாலும் இடுப்பில்தான் சேர்கிறது என்பதால் இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

முரசுக்காரருக்கு அந்த வருடம்தான் நீட்டிப்பு வரவேண்டியிருந்தது. கிடைத்தால் இன்னும் இரண்டு வருடம். கிடைக்காவிட்டால் குடியிருப்பைக் காலிசெய்ய வேண்டும். வளாகத்துப் பள்ளிக்கூடத்தில் பதினொன்றாவது படிக்கும் மகளைப் பாதியில் பிய்த்துக்கொண்டு போக வேண்டும். நீட்டிப்புத் தாளில் இரண்டு கையெழுத்து தேவை. உடம்பு சரி என்று ஒன்று, உடுப்பு சரி என்று ஒன்று. இரண்டும் வருடாந்திர அணிவகுப்பு நாளன்றே போடப்படும்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னார்.

"ஏங்க, ஓடுனா குறையாதா?" என்றாள் மனைவி.

"ஓடுனா குறையும். குறைஞ்சா கோட்டு தொங்கும்."

"கோட்டு தொங்குனா தொங்கட்டும். குடும்பம் தொங்கக் கூடாது."

மேசையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த மகள் தலையைத் தூக்காமலே சொன்னாள்: "அப்பா, அடுத்த வருஷம் பரீட்சை முடியற வரைக்கும் மட்டும் எப்படியாவது இழுத்துப் பிடிங்கப்பா."

"எதை? வேலையையா, வயித்தையா?"

"ரெண்டையுந்தான்."

வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வாழ்வது என்று பெரியவர்கள் சொன்னதை அவர் அட்சரம் பிசகாமல் செய்தார். சோற்றைப் பாதியாக்கினார். பிறகு பாதியைப் பாதியாக்கினார். விடியும் முன் மைதானத்தைச் சுற்றினார். கூடவே சைக்கிளில் வந்து உற்சாகப்படுத்தியவர் குழுவில் ஜால்ரா தட்டுகிறவர். வாத்தியம்தான் ஜால்ரா; மனிதர் யாருக்கும் ஒத்து ஊதமாட்டார். அதனால்தான் இன்னும் பதவி உயரவில்லை.

"அண்ணே, யானை படுத்தாலும் குதிரை மட்டம்பாங்க. நீங்க படுக்கவே இல்ல, ஓடிக்கிட்டே இருக்கீங்க. அதனால குதிரை மட்டத்துக்கும் கீழ போயிடாதீங்க."

"நீ சைக்கிளை விட்டு இறங்கிப் பேசு."

"இறங்குனா மூச்சு வாங்கும்ணே. பேச முடியாது."

கழுதை தேய்ந்து கட்டெறும்பானதுபோல அவர் தேய்ந்தார். கன்னம் ஒட்டியது. மனைவி அவருடைய பழைய சட்டையை மடித்து அலமாரியில் வைக்கும்போது, இது யாருடையது என்று ஒரு நிமிடம் யோசித்தாள். கழுத்தில் நாடாவை மாலைபோல் போட்டுக்கொண்டு திரிந்த தேர்வாளரை எல்லோரும் டேப் ஐயா என்பார்கள். அவர் ஒருநாள் ஒத்திகையாக அளந்து பார்த்தார். நாடா எல்லைக்குள்ளேயே நின்றுவிட்டது.

"அடடே! பாதி ஆளை எங்கய்யா விட்டுட்டு வந்தே?" என்று முதுகில் தட்டினார்.

அந்தத் தட்டலின் சந்தோஷம் ஒத்திகை மைதானம்வரை தாங்கவில்லை. கோட்டை மாட்டியபோது அது மழையில் நனைந்த கூடாரம்போல் தொங்கியது. இடுப்பு வாரை இறுக்கினால் கீழே பாவாடை மடிப்பு விழுந்தது. முரசைத் தூக்கி மாட்டியதும் அது வழுக்கி இறங்கி ஒவ்வொரு அடிக்கும் தொடையில் மோதியது. அவர் கால் பின்னியது. தாளம் நொண்டியது. பின்னால் வந்த படையும் கூடவே நொண்டியது.

பேண்டு மாஸ்டர் கோலைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தார். இப்போது அவருக்கு நரை தட்டிவிட்டது.

"அதை எங்கடா? எங்க போச்சு?"

"குறைச்சிட்டேன் சார். உத்தரவு."

"நான் வளர்த்த பிள்ளைடா அது! என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

"கமாண்டர் சொன்னாரு சார்."

"அவரு நாடாவுக்குச் சொன்னாரு. கோட்டுக்கு யாரு சொல்றது? உடுப்புல ஒரு மடிப்பு விழுந்தாலும் நான் கையெழுத்துப் போட மாட்டேன். எனக்கும் மேல ஆள் இருக்கு."

முரசுக்காரர் உடுப்புக் கிடங்குக்கு ஓடினார். தையல்காரர் அங்கேதான் இருந்தார். ஊசி வைக்கத் தடை வந்தபின் அவரைக் கிடங்குக் காவலுக்குப் போட்டிருந்தார்கள். கோட்டைப் புரட்டிப் பார்த்தார்.

"ரெண்டு பக்கமும் நாலு விரல் பிடிச்சாப் போதும். அரை மணி நேர வேலை."

"அப்பப் பிடிங்க."

"ஊசி இருக்கு, நூல் இருக்கு, கை இருக்கு. உத்தரவுதான் இல்ல."

"சரி, புதுக் கோட்டாவது குடுங்க."

"பழசு கிழிஞ்சிருக்கணுமே. கிழிஞ்சிருக்கா?"

"கிழியல. பெருசா இருக்கு."

"பெருசா இருக்கறது கிழிசல்ல சேராதுங்க."

"நானே கிழிச்சுட்டா?"

"அப்ப உங்க மேலதான் நடவடிக்கை வரும்." தையல்காரர் கோட்டை மெதுவாக மடித்து, வருத்தத்தோடு திருப்பிக் கொடுத்தார். "மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடிம்பாங்க. அடிக்கிறவருக்கும் ரெண்டு பக்கம் இடி விழறதை இப்பத்தான் பாக்கறேன்."

அணிவகுப்பு நெருங்கியது. இழந்த தொப்பையை அத்தனை சீக்கிரம் மீட்க முடியாது. மீட்டாலும் நாடா இருக்கிறது. யோசனை மனைவிக்குத்தான் வந்தது. மகள் படிக்கும் நாற்காலியில் கிடந்த சின்னத் தலையணையை எடுத்து, அவர் வயிற்றில் வைத்து, பழைய புடவைக் கிழிசலால் சுற்றிக் கட்டினாள். மேலே கோட்டு. பொத்தான்கள் சுருக்கமில்லாமல் வரிசையில் நின்றன. முரசைத் தூக்கி மாட்டிப் பார்த்தார். பழைய மேடையில் உட்கார்ந்ததுபோல் அது உட்கார்ந்துகொண்டது.

"உடம்பு அளக்கறப்ப பனியனோட நிப்பீங்க. அதுக்கப்புறம் இதைக் கட்டிக்கிட்டுக் கோட்டு போட்டுக்குங்க," என்றாள் மனைவி. "ஒருத்தருக்கு ஒரு உடம்பு, இன்னொருத்தருக்கு இன்னொரு உடம்பு. ரெண்டு பேரும் கையெழுத்துப் போடட்டும்."

மகள் எட்டிப் பார்த்தாள். "முயல் படம் உள்பக்கமா இருக்கட்டும்பா. வெளிய தெரிஞ்சா மானம் போயிடும்."

அணிவகுப்பு நாள் காலை எல்லாம் திட்டப்படியே தொடங்கியது. உடம்பு அளக்கும் கூடாரத்துக்கு அழைப்பு வரும் என்று வாத்தியக் குழு காத்திருந்தது. அழைப்பு வரவில்லை. அணிவகுப்பு முதலில் என்று அறிவித்தார்கள். முரசுக்காரர் ஓரமாக ஒதுங்கித் தலையணையைக் கட்டிக்கொண்டார். நடை பிரமாதமாக இருந்தது. படை ஒரே காலாக அடி வைத்தது. பேண்டு மாஸ்டரின் கண் கலங்கியதைப் பார்த்தவர்கள் உண்டு. மேடைக்கு முன் வந்து நின்றதும் கமாண்டர் இறங்கி வந்தார்.

"கூடாரத்துல தனியா அளந்தா எல்லாரும் மூச்சை இழுத்துக்கறாங்களாம். அதனால இனி அளவு இங்கயே, நின்ன நிலையில, உடுப்புக்கு மேல. துணிக்கு ரெண்டு விரல் கழிச்சுக்கலாம்."

டேப் ஐயா வரிசையில் வந்தார். ஜால்ராக்காரர் தேறினார். முரசை இறக்கி வைக்கச் சொல்லி, முரசுக்காரரின் இடுப்பில் நாடாவைச் சுற்றினார் டேப் ஐயா. நாடா எல்லையைத் தாண்டி ஒரு சாண் போனது. அவர் நம்ப மாட்டாமல் விரலால் அழுத்தினார். விரல் உள்ளே போய், மெதுவாகத் திரும்பி வந்தது. இரண்டு பேரின் கண்களும் சந்தித்தன.

"போன வாரம் இப்படி இல்லியேய்யா," என்று உதடு அசையாமல் முணுமுணுத்தார். "என்னது இது?"

முரசுக்காரர் வாயை மூடிக்கொண்டு நின்றால் உடம்பில் தோற்பார். உண்மையைச் சொன்னால் உடுப்பில் தோற்பார். எது போனாலும் போவது குடியிருப்பும் மகளின் படிப்பும். பாதிச் சோறு தின்று, இருட்டில் ஓடிய ஓட்டமெல்லாம் நினைவுக்கு வந்தது. அந்த இடுப்பு குறைந்திருக்கிறது என்பதையாவது யாராவது பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கலாம். கை தானாகப் பொத்தான்களைக் கழற்றியது. தலையணையை உருவி எடுத்தார். கோட்டு பொசுக்கென்று இறங்கியது.

முயல் வெளிப்பக்கமாக இருந்தது. கேரட் கடித்துக்கொண்டு கமாண்டரைப் பார்த்துச் சிரித்தது.

மைதானத்தில் சத்தமே இல்லை. ஜால்ராக்காரர் கையிலிருந்து மட்டும் ஒரு 'ஜிங்' தப்பித்துப் போனது. பேண்டு மாஸ்டர் வானத்தில் எதையோ தேடினார்.

கமாண்டர் தலையணையை வாங்கித் திருப்பிப் பார்த்தார். கெட்ட மனிதர் அல்ல. அவர் இடுப்பிலும் அனுபவம் இருந்தது.

"இது என்ன?"

"தலையணைங்க சார்."

"அது தெரியுது. இது உன் உடுப்பா, உன் உடம்பா?"

முரசுக்காரருக்கு விளங்கவில்லை.

"உடுப்புன்னா அனுமதி இல்லாத உடுப்பு. உடம்புன்னா அளவு கூடிப்போச்சு. நான் எதுன்னு எழுதறது?"

"எதுவும் எழுதாம விட்டுடலாங்களா சார்?"

"இத்தனை பேர் பாத்தாச்சே." கமாண்டர் குரலைத் தாழ்த்தினார். "எனக்கும் மேல இருக்காங்கப்பா. இதுக்கு விதி எதுவும் இல்ல. கேட்டுத்தான் எழுதணும்."

கேட்டு எழுதினார். மேலிடத்திலிருந்து விளக்கம் வரும்வரை இப்போதுள்ள நிலையே தொடரும் என்று தற்காலிக ஆணை வந்தது. தலையணையைச் சாட்சிப் பொருளாகத் துணியில் கட்டி, முத்திரை வைத்துக் கிடங்கில் பூட்டினார்கள். தையல்காரர் அதற்கு ஒரு ரசீது கொடுத்தார்.

அந்த 'இப்போதுள்ள நிலை' என்ன என்று முரசுக்காரர் டேப் ஐயாவைக் கேட்டார். டேப் ஐயா நாடாவை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னார்.

"அப்படியே இருன்னு அர்த்தம். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. பதில் வர்றப்ப அளந்து பாப்பாங்க."

"பதில் எப்ப வரும்?"

"அது வர்றப்ப."

இப்போதும் அவர் முரசு அடிக்கிறார். அது தொடையில் இடிக்கிறது. கோட்டு தொங்குகிறது. அவரைக் கடைசி வரிசைக்கு மாற்றிவிட்டார்கள். தாளம் பின்னாலிருந்து வருவதால் முன்வரிசைக்காரர்கள் அரை அடி தாமதமாகக் கால் வைக்கிறார்கள். நீட்டிப்பு கிடைக்கவில்லை, மறுக்கப்படவும் இல்லை. வீட்டைக் காலி செய்யச் சொல்லி ஆளும் வரவில்லை. தபால் ஜீப் வளாகத்துக்குள் நுழையும் சத்தம் கேட்டால் மட்டும் அந்த வீட்டில் மூன்று பேரும் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள்.

"வந்துச்சாப்பா?" என்பாள் மகள். மர நாற்காலியில் நெளிந்து உட்கார்ந்தபடி.

"வரலம்மா."

"அப்பாடா," என்று மறுபடி கணக்கில் குனிவாள்.

மனைவி கரண்டியோடு நிற்பாள். "இன்னும் கொஞ்சம் போடட்டுமா? வேணாமா?"

அவர் தட்டைப் பார்ப்பார், இடுப்பைத் தொட்டுப் பார்ப்பார். வேண்டும் என்றும் சொல்ல முடியாமல், வேண்டாம் என்றும் சொல்ல முடியாமல், கையைத் தட்டுக்கு மேலே பாதியில் நிறுத்தி வைத்திருப்பார். கரண்டியும் பாதியில் நிற்கும். சோறு ஆறிக்கொண்டிருக்கும்.