ஓட்டைக்குள் நீண்ட கைகள்

டிக்கெட்டம்மாவுக்கு ஆளை அடையாளம் சொல்ல முகம் தேவையில்லை, கை போதும். இருபத்திரண்டு வருடமாகத் திரையரங்கின் டிக்கெட் அறையில் உட்கார்ந்திருப்பவள் அவள். அவள் உட்கார்ந்தால் இன்னொருவர் நிற்க இடமில்லாத அறை. முன்னால் ஒரு பலகை, பலகையில் கை நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை. படம் பார்க்க வந்தவன் எவன் குனிந்து உள்ளே பார்க்கப் போகிறான்? கையை நீட்டுவான், எத்தனை பேர் என்று சொல்வான். அவள் பென்சிலால் வரிசையும் இருக்கை எண்ணும் எழுதிக் கிழித்துக் கொடுப்பாள். காய்ச்சல் என்று ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு நீண்ட கைகள் எத்தனையோ. அவள் யாரையும் காட்டிக்கொடுத்ததில்லை.

புருஷன் போன பிறகு கிடைத்த வேலை அது. அதற்கு முன்னால் அவளுக்கு எல்லாமே அக்காதான். அம்மா சாகும்போது இவளுக்கு ஆறு வயது, அக்காவுக்குப் பதினேழு. தலை பின்னிவிட்டதும், சோறு ஊட்டியதும், முதுகில் இரண்டு வைத்ததும் அக்காவின் கைதான். நர்ஸாக இருந்து ஓய்வு பெற்ற பிறகும் நகத்தை ஒட்ட வெட்டிக்கொள்ளும் பழக்கம் அக்காவை விடவில்லை. சினிமாக் கொட்டகை வாசலைக்கூட அவள் மிதித்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இருவரும் ஆலயத்தில், சபையின் பாடகர் குழுவில் பக்கத்தில் பக்கத்தில் நிற்பார்கள், வெள்ளை அங்கியோடு. வாரம் முழுக்கப் பலகைக்குப் பின்னால் கிடப்பவளை அந்த ஒன்றரை மணி நேரம்தான் ஊர் முகம் பார்க்கும். அந்த அங்கி மட்டும் இல்லையென்றால் தான் யாருமில்லை என்று அவளுக்குத் தெரியும்.

அப்போதுதான் அந்தப் படம் வந்தது. போலீசுக்குப் பயந்த திருடன் ஒருவன் போதகரின் அங்கியை மாட்டிக்கொண்டு ஆலயத்தில் ஒளிகிறான். அவன் பிரசங்கத்தைக் கேட்டு ஊரே திருந்துகிறது, போதகரைத் தவிர. போதாக்குறைக்கு, பீடத்துக்கு முன்னால் அங்கியோடு ஓர் ஆட்டம் வேறு.

சபை கொதித்தது. கொதித்தவர்களில் முதல் ஆள் சபைச் செயலாளர். படத்தை எப்படி எதிர்ப்பது, ஊர்வலம் போவதா, மனு கொடுப்பதா என்று ஆளாளுக்கு ஒன்று சொல்லிக்கொண்டிருக்க, அவர் கையில் அகப்பட்டவள் டிக்கெட்டம்மா. முதல் ஞாயிறே ஆராதனை முடிந்ததும் அவளை ஓரமாக அழைத்தார்.

"கர்த்தரைக் கேலி பண்ற படத்துக்கு டிக்கெட் கிழிச்சிட்டு, அதே கையில பாட்டுப் புத்தகத்தைப் பிடிக்கிறது நல்லாவா இருக்கு? அங்கியைத் துவைச்சு, அயர்ன் பண்ணி, நாளைக்கே கொடுத்துடுங்க."

பிடுங்கியிருந்தால்கூட அவள் மறந்திருப்பாள். அயர்ன் பண்ணிக் கொடுக்கச் சொன்னதுதான் ஆறவில்லை. மடிப்புக் கலையாமல் கொண்டுபோய்க் கொடுத்தாள். வாங்கிக்கொண்ட கையைப் பார்த்தாள். எப்போதோ கார்க் கதவில் நசுங்கி, ஆள்காட்டி விரலின் நகம் நடுவில் பிளந்து கறுத்திருந்தது.

மன்னிக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். எத்தனை தரம் மன்னிக்க வேண்டும் என்று வேதம் சொல்வதும் தெரியும். மன்னிக்கவில்லை. வயிற்றெரிச்சலோடு பலகைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள்.

அங்கேதான் கடவுள் அவள் பக்கம் இருந்தார், அல்லது அவள் அப்படி நினைத்தாள். இரண்டாம் நாளே மணிக்கட்டில் தீக்காயத் தழும்பு உள்ள கை ஒன்று நீண்டது. சபையின் மாதர் சங்கத் தலைவி. அடுத்து, சிறுவிரல் நிமிராத மருந்துக்கடைக்காரரின் கை, கூடவே அவர் மச்சினரின் குரல். இரண்டாவது வாரம், ஹெல்மெட்டுக்குள்ளிருந்து மாற்றிய குரல் ஒன்று "பால்கனி ரெண்டு" என்றது. நகம் நடுவில் பிளந்திருந்தது. டிக்கெட்டம்மா வரிசையும் எண்ணும் எழுதிக் கிழித்துக் கொடுத்தாள். அன்று வீட்டுக்குப் போய் வெகுநாளைக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டாள்.

மூன்றாவது ஞாயிறு சபைக் கூட்டம். போதகர் நல்லவர், ஆனால் செயலாளர் தும்மினால் இவருக்குச் சளி பிடிக்கும். தீர்மானத்தைச் செயலாளரே வாசித்தார். சபையார் ஒருவரும் அந்தப் படத்தைப் பார்க்கவில்லை, பார்க்கப் போவதுமில்லை. அதை வைத்துப் பிழைப்பவர்கள் இனிப் பாடகர் குழுவில் நிற்கக் கூடாது. வழக்கம்போல் கை தூக்கிச் சம்மதம் தெரிவிக்க வேண்டும்.

"நீங்க முன்னால வந்து நில்லுங்கம்மா," என்றார் அவளிடம். "சபை உங்க முகத்தைப் பார்த்து முடிவு பண்ணட்டும்."

தலை குனிந்து நிற்பாள் என்று நினைத்தார் பாவம். அவள் போய் நின்றாள், நிமிர்ந்து பார்த்தாள். ஆலயம் முழுக்கக் கைகள். அவளுக்கு வாய் கொள்ளாத சிரிப்பு வந்தது.

"மருந்துக்கடை அண்ணே, செவ்வாய்க்கிழமை மேட்னி. மச்சினரையும் கூட்டிட்டு வந்தீங்களே, அவருக்குப் படம் பிடிச்சுதா?"

மருந்துக்கடைக்காரரின் கை கீழே போனது.

"தலைவியம்மா, நீங்க நாலு பேரா வந்தீங்க. நீங்க சிரிச்ச சிரிப்பு என் ரூம் வரைக்கும் கேட்டுச்சு."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவள் யார் பக்கம் திரும்பினாலும், பேர் சொல்வதற்கு முன்பே கைகள் இறங்கின.

"பொய்! பிழைப்புக்காகப் பொய் சொல்றா!" என்று கத்தினார் செயலாளர், தூக்கிய கையை இறக்காமல்.

"அண்ணே, ஹெல்மெட் போட்டா முகம்தான் மறையும், நகம் மறையாது. பால்கனி, ஏ வரிசை, ஏழும் எட்டும். கையை இறக்குங்க, வலிக்கப் போகுது."

யாரோ பின்னால் சிரித்தார்கள். செயலாளர் கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டார். இரண்டு வாரத்து எரிச்சல் தணிந்து, டிக்கெட்டம்மாவுக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. இன்னும் வேண்டும்போல் இருந்தது.

அப்போதுதான் பாடகர் குழுவின் பக்கம் திரும்பினாள். வெள்ளை அங்கிக் கை ஒன்று மட்டும் இறங்காமல் நின்றது. ஒட்ட வெட்டிய நகம்.

"அக்கா, நீயுமா?"

"நான் பொய்க்குக் கை தூக்கலடி," என்றாள் அக்கா. "நான் அந்தப் படத்தைப் பார்க்கல. நீ அந்த வேலையை விடணும்னு இருபத்திரண்டு வருஷமா ஜெபம் பண்றேன். இன்னைக்குக் கையாலயும் சொல்றேன்."

அவள் சொன்னது சத்தியம். அந்தக் கை ஒருநாளும் ஓட்டைக்குள் வந்ததில்லை. ஆனால் டிக்கெட்டம்மாவுக்கு இன்னொன்றும் புரிந்தது. இந்த நிமிஷத்தில் அவள் எந்தக் கையைப் பற்றி என்ன சொன்னாலும் சபை நம்பும்.

"டி வரிசை, அஞ்சு," என்றாள். "சனிக்கிழமை காலைக் காட்சி."

சபை 'உச்' கொட்டியது. அக்கா மறுக்கவில்லை. தங்கையைப் பார்த்தபடியே கையை இறக்கிக்கொண்டாள். தீர்மானம் தோற்றது. செயலாளரே வீடு தேடி வந்து, அயர்ன் செய்த அங்கியைக் கொடுத்துவிட்டுப் போனார். அடுத்த ஞாயிறு டிக்கெட்டம்மா அதைப் போட்டுக்கொண்டு பாடினாள். பக்கத்து இடம் காலி. அக்கா கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள், "நல்ல படமாமே அக்கா?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டு.

சபையின் புண்ணியத்தில் படம் ஐந்தாவது வாரத்துக்கு வந்தது. அந்தச் சனிக்கிழமை காலை ஓட்டைக்குள் ஒரு கை நீண்டது. ஒட்ட வெட்டிய நகங்கள்.

டிக்கெட்டம்மா பென்சிலைக் கீழே போட்டுவிட்டு, இருபத்திரண்டு வருடத்தில் முதல்முறையாகக் குனிந்து வெளியே பார்த்தாள்.

"அக்கா, வேண்டாம். வீட்டுக்குப் போ."

"டி வரிசை அஞ்சு குடுடி," என்றாள் அக்கா. "ஆலயத்துல நின்னு சொல்லிட்டே. அது பொய்யா இருக்கக் கூடாது."