டைகருக்கு நெஞ்சு வலி

மாட்டாஸ்பத்திரி கம்பவுண்டருக்கு நாய்க்கடி பழகிவிடும். நாயைக் கூட்டிவருகிறவர்கள் பேச்சுதான் கடைசிவரை பழகாது. இந்த உத்தியோகம் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

கோலார் தங்கவயலில் எங்கள் ஆஸ்பத்திரிக்கு மாதம் ஒருமுறை பெங்களூரிலிருந்து இதயம் பார்க்கும் டாக்டர் வருவார். நாயின் ஈறு வெளுத்திருக்கிறதா என்று பார்ப்பார், தொடையில் நாடி எண்ணுவார், பிறகு காதுக்குழாயை அதன் நெஞ்சில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். நாடாவால் நாயின் வாயைக் கட்டிப் பிடித்துக்கொள்வது என் வேலை.

தூசு இருமல்

ஊரிகத்தில் சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீட்டில் இருந்த முனியப்பன் நந்திதுர்க் சுரங்கத்தில் வேலை செய்தான். அவனுடைய நாய் டைகர் ஒரு மாதமாக இருமிக்கொண்டிருந்தது. டாக்டர் குழாய் வைத்துக் கேட்டுவிட்டு, இதயம் வீங்கியிருக்கிறது, இருமல் அதனால்தான் என்றார். இத்தனை நாள் என்ன செய்தாய் என்று கேட்டேன். சுரங்கத் தூசுக்கு ஆட்கள் தின்கிற வெல்லத்தைக் கொடுத்தானாம், தனக்குத் தந்த இருமல் மருந்தையும் ஊற்றினானாம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உன் நாய் என்னிக்குய்யா கேஜு லிஃப்டுல ஏறி சுரங்கத்துக்குள்ள எறங்குச்சு?" என்று கத்தினேன். அவன் நிதானமாகச் சொன்னான்: "அது எறங்கலைங்க. நான் ஏறி வந்ததும் என் சட்டைய நக்கும்."

கருவாடு

உப்பு ஆகாது என்று மூன்று முறை சொல்லி அனுப்பினோம். அடுத்த மாதம் டைகர் வயிற்றில் நீர் கோத்து, பானை மாதிரி வந்து நின்றது. நீர் இறங்க ஊசி போட்டுவிட்டு, தின்ன என்ன போடுகிறீர்கள் என்று முனியப்பன் மனைவி பூங்காவனத்தைக் கேட்டேன். கருவாடு என்றாள். என் தலைமுடியை நானே பிய்த்துக்கொள்ளாத குறை. அவளுக்கு என் மேல்தான் கோபம்: "இன்னா அண்ணா இப்டி கத்துறீங்க? உப்பு போவ நல்லா கழுவிட்டுத்தானே போட்டேன்!"

சங்கிலி

நாய் நடக்கக் கூடாது என்றார் டாக்டர். முனியப்பன் ஷிஃப்டுக்குப் போகும்போதெல்லாம் டைகர் கூடவே சுரங்க வாசல்வரை போய் வழியனுப்பிவிட்டுத் திரும்பும். ஆறு வருஷப் பழக்கம். "கட்டிப் போடு. அவிழ்த்தாயோ, நாயைப் புதைக்கத்தான் வரணும்" என்று மிரட்டி அனுப்பினேன்.

பத்தாம் நாள் பூங்காவனம் மூச்சிரைக்க வந்தாள். நாய் மயங்கி விழுகிறதாம். மறுபடி கருவாடுதான் என்று முடிவு கட்டி, அவளை வழியெல்லாம் திட்டிக்கொண்டே லைனுக்குப் போனேன். நான் போய்ச் சேர்ந்த நேரம் ஷிஃப்டு சங்கு ஊதியது. முனியப்பன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தெருவில் இறங்கினான். டைகர் துள்ளி எழுந்து சங்கிலியை இழுத்தது. கழுத்தில் ரத்தம் கசிந்தது, நாக்கு நீலம் பாரித்தது. சங்கு நிற்பதற்குள் அப்படியே சாய்ந்தது.

நெஞ்சைத் தடவிவிட்டேன். கொஞ்ச நேரத்தில் கண் திறந்தது. அன்று வந்த கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியவில்லை, ஏனென்றால் அது முழுக்க என் மேல். பூங்காவனம் சங்கிலியை அவிழ்த்தபடியே சொன்னாள்: "நாங்களா கட்டல அண்ணா. நீங்க சொல்லித்தான் கட்டினோம்."

கேரியர்

அடுத்த முறை டாக்டர் வெகுநேரம் குழாயை எடுக்கவில்லை. பிறகு, நாடித் துடிப்பு சீராகியிருக்கிறது, இன்னும் சில மாதம் தாங்கும் என்றார். எப்படி என்று எனக்கும் விளங்கவில்லை. வெளியே வந்து பார்த்தேன். முனியப்பனின் சைக்கிள் கேரியரில் ஒரு மரப்பெட்டி, உள்ளே மடித்த கோணி. சங்கு ஊதினதும் நாயை அதில் உட்காரவைத்துச் சுரங்க வாசல்வரை தள்ளிப்போவானாம். அங்கிருந்து பூங்காவனம் வீட்டுக்குத் தள்ளிவருவாளாம். துரை சவாரி போகிறார் என்று லைனே சிரிக்கிறதாம்.

"டாக்டர் சொன்னது என்ன, நீ செய்யறது என்ன?" என்று பழக்க தோஷத்தில் ஆரம்பித்தேன். முனியப்பன் டைகரைத் தூக்கிப் பெட்டியில் வைத்தான். "அது நடக்கக் கூடாதுன்னுதானே சொன்னீங்க? என்னை வழியனுப்பக் கூடாதுன்னு சொல்லலியே."

நாய்களுக்கு வாய் கட்டியே தீர்த்த நாடாவில், ஒரு முழத்தை எனக்கென்று எடுத்துவைத்திருக்கலாம்.