நான் திருப்பி வாங்கிய சாட்சி

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தட்டிக்கழித்தேன். சபைக்குக் கெட்ட பெயர் வரும் என்றார்கள். பத்தாம் வகுப்பைத் தாண்டாதவன் டாக்டர்மாரைக் குறை சொல்வதா என்ற கூச்சமும் இருந்தது. இப்போது இரண்டையும் விட்டுவிட்டேன்.

குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டுவது என் தொழிலாக இருந்தது. சுனாமிக்கு மறு வருஷம், அயனிச் சக்கை என்ற காட்டுப்பலா பறிக்க மரமேறி, கிளை ஒடிந்து விழுந்தேன். முதுகுத்தண்டு நசுங்கியது. இடுப்புக்குக் கீழே சூடு வைத்தாலும் தெரியாது.

நாலு வருஷம் கழித்து, ஸ்டெம் செல் ஊசி பற்றி மச்சான் கேள்விப்பட்டு வந்தார். என் இடுப்பெலும்பு மஜ்ஜையிலிருந்தே செல்களை எடுத்து முதுகில் ஏற்றினால் நரம்பு திரும்ப வளருமாம். தூரத்து நகரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் மூன்று தடவை போட்டுக்கொண்டேன். வீடு திரும்பிய இரண்டாம் வாரம், படுக்கையில் என் வலது கால் ஒரு துள்ளு துள்ளியது. மனைவி அழுதுகொண்டே முழங்காலில் நின்றாள். அந்த ஞாயிறு ஆராதனையில், கர்த்தர் அந்த ஊசி மூலம் என் காலை அசைத்தார் என்று சாட்சி சொன்னேன்.

ஒன்றை ஒளிக்கக் கூடாது. ஊசிக்கு முன்பும் அந்தக் கால் துள்ளியதுண்டு. அது தானாக வரும் தசை இழுப்பு, மூளை சொல்லி வருவதல்ல என்று பிசியோதெரபிஸ்ட் சொல்லியும் இருந்தார். ஆசையில் அதை மறக்க விரும்பினேன்.

என் சாட்சி ஊர் ஊராக வளர்ந்தது. கால் அசைந்தது, எழுந்து நின்றான், நடந்தான். ஒருநாள் தோவாளையிலிருந்து பூக்கட்டும் பெண் ஒருத்தி பஸ் மாறி வந்தாள். அவள் தம்பி துபாயில் சாரம் சரிந்து விழுந்து, என்னைப்போலவே கிடக்கிறான். வீட்டை விற்று அவனை அதே ஊசிக்குக் கூட்டிப்போக நாள் குறித்திருந்தார்கள். வாசலில் சக்கர நாற்காலியில் இருந்த என்னிடமே கேட்டாள்.

"அண்ணா, ஊசி போட்டு நடந்தவரு வீட்ல இருக்காரா?"

"அது நாந்தான் மக்கா. நான் நடக்கல்ல. வீட்ட விக்காதீங்க."

அவள் நம்பவில்லை. சபைக் கோயிலில் யாராவது பொய் சொல்வார்களா என்று கேட்டு அழுதாள். கோயிலில் சொன்னதைக் கோயிலில்தான் திருப்ப வேண்டும் என்று அப்போதே தீர்மானித்து, அவளையும் ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னேன்.

சபைச் செயலர் வீடு தேடி வந்து தடுத்தார். விசுவாசம் தளர்ந்ததால் சுகம் நின்றுபோனது என்று சொல்லிக்கொள்ளலாமே என்று வழியும் காட்டினார்.

"சாட்சிய வாபஸ் வாங்கினா கர்த்தருக்கு அவமானமில்லியா?"

"அவரு மகிமைக்கு எம் பொய்யி வேண்டாம் ஓய்."

ஞாயிறன்று அறிவிப்பு நேரத்தில் நானே நாற்காலியை உருட்டி முன்னே போனேன். மைக்கை அணைத்தார்கள். தொண்டைக்கு என்ன கேடு? எல்லாவற்றையும் சொன்னேன். சிலர் எழுந்து போனார்கள். அந்தப் பெண் தாயோடு கடைசி வரிசையில் இருந்து முழுவதும் கேட்டாள். அவர்கள் வீட்டை விற்கவில்லை.

இந்த வைத்தியத்தை நேர்மையாக ஆராயும் டாக்டர்மாருக்காகத் தினமும் ஜெபிக்கிறேன். பலிக்கும் என்று அவர்கள் நிரூபிக்கட்டும், முதல் ஆளாகப் போய்ப் படுப்பேன். அதுவரை ஆசை காட்டிக் காசு வாங்குகிறவனுக்கு என் கால் விளம்பரம் ஆகாது.

வாசித்தவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். கால் துள்ளியது, ஊசிக்கு முன்பும் துள்ளியது, அவன் நடக்கவில்லை. இப்படியே சொல்லுங்கள். நல்லதை நினைத்துக்கூட ஒரு வார்த்தை கூட்ட வேண்டாம்.