பஞ்சுப் பொட்டலம்

கருக்கலைப்புக்குப் பிறகு மிஞ்சுவதை எப்படி அகற்ற வேண்டும் என்று சட்டம் கொண்டுவரப் போவதாகப் பேச்சு அடிபடுகிறது. பல வருடங்களுக்கு முன் நான் மதுரையில் ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தபோது அப்படியொரு கேள்வியே எழுந்ததில்லை. பின்கட்டில் ஒரு குழி இருந்தது. எல்லாம் அதற்குள்தான் போகும்.

எழுமலையிலிருந்து ஒரு பெண் கணவனோடு வந்தாள். அவளுக்கு இதயம் பலவீனம், ஐந்தாம் மாதத்தில் கருவைக் கலைக்க வேண்டியதாயிற்று. முடிந்ததும் வழக்கம்போல் ஆயாவிடம் வாளியைக் கொடுத்தனுப்பினேன்.

மாலையில் கணவன் தயங்கித் தயங்கி வந்தான். "சிஸ்டர், பிள்ளையக் குடுத்தீகன்னா எங்க காட்டுலயே பொதைச்சுப் பால் ஊத்திருவோம்" என்றான்.

குழியில் போட்டாயிற்று என்று சொல்ல வாய் வரவில்லை. பஞ்சைத் துணியில் சுற்றி இறுகக் கட்டி, "பிரிச்சுப் பாக்காதீக" என்று அவள் கட்டிலருகே நின்ற அவனிடம் நீட்டினேன். அவன் தொடுவதற்குள், கட்டிலில் கிடந்த அவள் வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள்.

ஒரு மாதம் கழித்து அவள் மட்டும் மருந்துக்கு வந்தாள். "பால் ஊத்துனீகளா?" என்றேன். கேட்டிருக்கக் கூடாது.

"ஊத்துனோம்க்கா. அவரு அம்புட்டு அழுதாரு." பிறகு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "சின்னதுலருந்து பருத்தி எடுக்குறவ நான். பஞ்சோட கனம் எனக்குத் தெரியாதாக்கா? அதான் அவரு கையில குடுக்கல. குழிக்குள்ளயும் நானே எறக்குனேன்."

வாளியைக் கொடுக்கும் முன் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். சட்டம்தான் இல்லை, எனக்கு வாய் இருந்ததே.